ஒளித்தரமும் தொலைவும்: சென்னை வானாய்வகம் முதல் வண்ணவழித் தொலைவு மதிப்பீடு வரை

ஆய்வுச் சுருக்கம்

பல வடிப்பான்கள் வழி எடுக்கப்பெறும் வான்படங்களிலிருந்து பேரடைகளின் தொலைவை மதிப்பிடும் முறை, ஒளித்தர அளவீட்டைச் சார்ந்தது. அவ்வளவீட்டின் வரலாற்றில் சென்னை வானாய்வகத்திற்கு உரிய இடத்தை இக்கட்டுரை வரையறுக்கிறது.

திறவுச்சொற்கள்: ஒளித்தரம், செம்பெயர்ச்சி, போக்சன், இரகுநாதாச்சாரி, வடிப்பான்.

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் இரண்டு வானாய்வகங்கள் சிறப்புற்றிருந்தன. ஒன்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் பெற்ற சென்னை வானாய்வகம். மற்றொன்று, சுவாதித் திருநாள் ஆட்சியில் 1837இல் திருவனந்தபுரத்தில் தோன்றியது. சமணச் சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற சிதறால் உள்ளிட்ட இன்றைய குமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்தது. ஜான் ஆலன் பிரவுன் காலத்தில் திருவனந்தபுர ஆய்வகம் புவிக்காந்தவியலிலும் வானிலையியலிலும் முனைந்தது; 1855இல் அகத்தியமலை உச்சியிலும் நோக்குநிலையம் அமைத்தது. விண்மீன்களின் ஒளியை அளக்கும் பணி சென்னையில் தொடர்ந்தது.

போக்சனின் அளவுகோல்

நார்மன் போக்சன் 1856இல், ஐந்து ஒளித்தர வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டைக் குறிக்கும் என வரையறுத்தார். அதன்படி ஓர் ஒளித்தரம் என்பது ஏறத்தாழ 2.512 மடங்காகும். இவ்வரையறை அவர் ஆக்சுபோர்டில் பணியாற்றியபோது உருவானது. 1861இல் சென்னைக்கு வந்த அவர், 1891இல் மறையும்வரை இங்கேயே பணியாற்றினார். எனவே அளவுகோல் சென்னையில் பிறந்தது எனல் பொருந்தாது. அதை வகுத்தவர் முப்பதாண்டுகள் பணிசெய்த களம் சென்னை என்பதே சரியாகும்.

அவருடைய உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி, ‘ஆர் ரெட்டிகுலி’ என்னும் விண்மீனின் ஒளி மாறுபடுவதை 1867இல் கண்டறிந்தார். ஒரே விண்மீனின் ஒளித்தரத்தை வெவ்வேறு நாள்களில் ஒப்பிடாமல் இத்தகைய கண்டுபிடிப்பு இயலாது. 1874ஆம் ஆண்டின் வெள்ளி இடைநகர்வை விளக்கும் நூலை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் அவர் வெளியிட்டார்.

ஒளித்தரத்திலிருந்து தொலைவு

ஒரு பேரடை மங்கலாகத் தோன்றுவதற்குத் தொலைவு காரணமாகலாம்; இயல்பாகவே ஒளி குன்றியிருப்பதும் காரணமாகலாம். ஆகவே ஒற்றை ஒளித்தரம் தொலைவைத் தராது. இரு வடிப்பான்களில் பெற்ற ஒளித்தரங்களின் வேறுபாடான நிறச்சுட்டெண்ணோ இச்சிக்கலைக் கடக்க உதவுகிறது. முதிர்ந்த விண்மீன்கள் நிறைந்த பேரடைகளின் நிறமாலையில் 400 நானோமீட்டருக்கு அருகில் ஒளி திடீரெனக் குறையும். செம்பெயர்ச்சி 0.5 எனில் அச்சரிவு 600 நானோமீட்டருக்கு நகரும். எவ்விரு வடிப்பான்களுக்கு இடையே சரிவு விழுகிறது என அறிந்தால் செம்பெயர்ச்சியையும், அதன்வழி அண்ட விரிவின் அடிப்படையில் தொலைவையும் மதிப்பிடலாம்.

வில்லியம் பாம் பலோமர் தொலைநோக்கியில் ஒன்பது வடிப்பான்களைக் கொண்டு இதனைச் செய்து காட்டினார். ஒரு பேரடைக் கொத்திற்கு அவர் பெற்ற மதிப்பு 0.19, நிறமாலை தந்த மதிப்பு 0.192. அவர்தம் முடிவுகள் 1962இல் வெளியாயின. பின்னர் ஹபிள் ஆழ்புலப் படங்கள் (1995) நான்கு வடிப்பான்களையும், சுலோன் வான்பரப்பாய்வு ஐந்தையும் பயன்படுத்தின. சிலி நாட்டு வேரா ரூபின் வானாய்வகம் ஆறினைப் பயன்படுத்துகிறது. கோடிக்கணக்கான மங்கலான பேரடைகளுக்குத் தனித்தனியே நிறமாலை எடுத்தல் இயலாமையே இம்முறையின் தேவைக்குக் காரணம்.

முறையின் எல்லை

இது மதிப்பீடேயன்றி நேரடி அளவீடு அன்று. செம்பெயர்ச்சி 0.2 கொண்ட பேரடையில் 400 நானோமீட்டர்ச் சரிவு 480இல் தோன்றும். செம்பெயர்ச்சி 3 கொண்ட பேரடையில் 121.6 நானோமீட்டரில் அமையும் ஐதரசன் சரிவு ஏறத்தாழ 486இல் தோன்றும். வடிப்பான்கள் குறைவாயின், அண்மைப் பேரடையும் மிகத் தொலைவிலுள்ளதும் ஒன்றாகக் கருதப்படும் பிழை நேரும். இதனால்தான் நிறமாலை பெற்ற ஒரு பகுதியைக் கொண்டு முழுத் தொகுதியும் சரிபார்க்கப்படுகிறது.

முடிவுரை

சென்னை வானாய்வகப் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாறியது. இந்திய வானியற்பியல் நிறுவனம் அம்மரபின் தொடர்ச்சியாகும். அந்நிறுவனத்தின் தலைமையில் உருவாகி 2015இல் ஆஸ்ட்ரோசாட்டில் ஏவப்பெற்ற புறஊதாத் தொலைநோக்கியும் பல வடிப்பான்கள் வழியே வானைப் படம்பிடிக்கிறது. வண்ணவழித் தொலைவு மதிப்பீட்டைச் சென்னை கண்டுபிடிக்கவில்லை. எனினும், அம்மதிப்பீட்டில் கையாளப்படும் ஒவ்வோர் ஒளித்தரமும் போக்சனின் விகிதத்தைத் தாங்கியுள்ளது. அவ்வளவுகோலை நடைமுறையில் கையாண்ட முன்னோடிகளுள் இரகுநாதாச்சாரியும் ஒருவர் என்பது தமிழக அறிவியல் வரலாற்றில் பதிவுபெறத் தக்கதாகும்.