செத்த காலேஜும் நம் வீட்டுப் பரணும்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு அந்தக் காலத்து ஜனங்கள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சி சாலைக்கு ‘உயிர் காலேஜ்’. பெயர் வேடிக்கையாக இருந்தாலும் அதில் சரித்திரம் உண்டு. 1851இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் பொறுப்பில் அந்த அருங்காட்சியகம் தொடங்கிய இடம், கல்லூரிச் சாலையில் இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடம். பாந்தியன் சாலைக்கு அது குடிபோனது 1854இல். உயிர் காலேஜுக்கும் விதை போட்டவர் இதே பால்ஃபர்தான்.

ஆந்திரத்தில் பிழைக்க வந்த தமிழருக்கு இது எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

எல்லை நகர்ந்தது, பொருள் நகரவில்லை

நம் சித்தூர் ஜில்லா 1911இல் உருவானது. 1953 அக்டோபர் 1 வரை சென்னை ராஜ்யத்தில் இருந்து, பிறகு ஆந்திர ராஜ்யத்தில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. நாம் இந்தப் பக்கம் நின்றோம். 2022இல் திருப்பதி தனி ஜில்லா ஆனபோது வடமாலபேட்டையும் அதில் சேர்ந்தது. கோடுகள் இத்தனை தடவை மாறின. ஆனால் அமராவதிச் சிற்பங்கள் இன்றும் எழும்பூரில்தான் இருக்கின்றன. ஆகவே அந்த அருங்காட்சியகம் தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமான பெட்டி அல்ல. பழைய ராஜதானி முழுவதற்குமான பெட்டி. நமக்கும் அதில் பங்கு உண்டு.

சமணருக்குச் செய்த உதவி

எழும்பூரில் தீர்த்தங்கரர் கற்சிலைகளும் உலோகத் திருமேனிகளும் உள்ளன. அதைவிடப் பெரிய உதவி ஒன்றை நான் சொல்லுவேன். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலைப் பற்றி டி.என். இராமச்சந்திரன் எழுதிய நூலை 1934இல் அந்த அருங்காட்சியகமே வெளியிட்டது. விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில், தீர்த்தங்கரர் சரித்திரம் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கிறது. புகையும் ஈரமும் ஓவியத்தைத் தின்னும். நூலில் ஏறிய விவரத்தைத் தின்னாது. பொருளை எடுத்துப்போய் வைப்பது மட்டும் அருங்காட்சியகத்தின் வேலை அல்ல, இருந்த இடத்திலேயே இருக்கவிட்டு விவரத்தைக் காப்பதும் அதன் வேலையே என்பதற்கு இது நல்ல சாட்சி.

1930 முதல் அங்கே ஒரு வேதியியல் பாதுகாப்புக் கூடமும் நடந்து வருகிறது. வெண்கலத்தில் பச்சை பூத்து அரிப்பதை நிறுத்துவது, கல்லில் ஏறிய உப்பை இறக்குவது போன்றவை அதன் வேலைகள். அங்குள்ளவர்கள் பயிற்சியும் தருகிறார்கள், யோசனையும் சொல்லுகிறார்கள். போய்க் கேட்பவர்தான் குறைவு.

தராசில் போகும் சரித்திரம்

அடியேன் பாத்திர வியாபாரி. பழைய பித்தளை, செம்பு எல்லாம் எடைக்கு வருகிறது. குத்துவிளக்கின் அடியிலும் அண்டாவின் கழுத்திலும் தமிழில் பெயர் வெட்டியிருக்கும். சில சமயம் ஊர்ப் பெயரும் சீர் கொடுத்த வருஷமும் இருக்கும். கொண்டுவரும் பிள்ளைகள் தெலுங்கு மீடியத்திலோ இங்கிலீஷ் மீடியத்திலோ படித்தவர்கள். அது பாட்டி பெயர் என்று அவர்களுக்கே தெரியாது. கிலோ என்ன விலை என்று மட்டும் கேட்பார்கள். உருக்குப் பட்டறைக்குப் போனால் பெயரும் போச்சு, ஊரும் போச்சு.

பரணில் இருக்கும் ஏட்டுச்சுவடி, பத்திரம், பேரேடு ஆகியவற்றின் கதியும் இதுவே. ராஜாக்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. நம்மைப் போல் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு இவைதாம் கல்வெட்டு.

சட்டம் என்ன சொல்லுகிறது

வெளியே சொன்னால் சர்க்கார் பிடுங்கிக்கொள்ளும் என்ற பயம் பலருக்கு உண்டு. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த சிலை முதலியவையும், எழுபத்தைந்து வருஷம் கடந்த மதிப்புள்ள சுவடிகளும் தொல்பொருள்கள். சிலை, ஓவியம், படம் எழுதிய சுவடி போன்றவற்றைப் பதிவு செய்யவேண்டும். பதிவு செய்வதாலேயே உரிமை போய்விடாது. களவு போனால் நம்முடையது என்று காட்டப் பதிவே துணை. மண்ணில் கிடைக்கும் புதையலின் கதை வேறு. அதற்கு 1878ஆம் வருஷத்துச் சட்டம் உண்டு. கலெக்டருக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

சமணரிடையே சுருதபஞ்சமி என்று ஒரு நாள் உண்டு. ஆனி மாதத்தை ஒட்டி வரும் வளர்பிறைப் பஞ்சமியில் சாஸ்திரங்களை எடுத்துத் தூசி தட்டி, புதுத் துணி கட்டிப் பூஜிப்பது வழக்கம். ஆராய்ந்து பார்த்தால் இது பூஜையின் பெயரால் நடக்கும் சுவடிப் பாதுகாப்பே! எல்லா மதத்தாரும் கூடி ஆண்டுக்கொரு நாள் இப்படிப் பரணை இறக்கலாம். மெல்லிய தூரிகையால் தூசி தட்டுக. வெயிலில் போடாதீர், ஈரத் துணியால் துடைக்காதீர், கிழிந்த பத்திரத்தில் செல்லோடேப் ஒட்டாதீர். ஏட்டுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசும் வழக்கம் உண்டு என்றாலும், எழுத்து மங்கிய ஏட்டில் தெரிந்தவரைக் கேட்காமல் பூசவேண்டாம்.

பூஜைத் திருமேனிகளைப் புளி போட்டுத் தேய்ப்பதையும் விடவேண்டும். புளியின் அமிலமும் தேய்ப்பும் சேர்ந்து முகத்தையும் பீடத்து எழுத்தையும் மழுக்கிவிடும்.

பழைய பாத்திரத்தை விற்பது அவரவர் விருப்பம். விற்குமுன் வெட்டிய பெயரைச் செல்போனில் படம் எடுத்து, யார், எந்த ஊர் என்று எழுதி வையுங்கள். சங்கத்தில் இதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் போட்டால் போதும். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துப் பழக்க, அவர்கள் பாட்டியின் அண்டாவைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

வருஷம் ஒரு தடவை பிள்ளைகளை எழும்பூருக்கும், பக்கத்திலிருக்கும் சந்திரகிரிக் கோட்டை ராஜமகால் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப் போகலாம். சுவடிகளை எங்கேனும் கொடுப்பதானால் ரசீது வாங்கி, நன்கொடையா இரவலா என்பதை எழுத்தில் பெறுவது அவசியம். வியாபாரி சொல்லுகிறேன், வாய்ச்சொல் கணக்காகாது.

சாத்திர தானம் நால்வகைத் தானங்களுள் ஒன்று என்பர் சமணர். புதிதாக எழுதிக் கொடுப்பது மட்டும் தானம் ஆகாது. இருப்பதை அழியவிடாமல் அடுத்தவர் கையில் சேர்ப்பதும் தானமே. எழும்பூரில் செத்த பொருள்களுக்குப் பாதுகாவல் உண்டு. நம் பரணில் இன்னும் உயிரோடு இருப்பவற்றுக்கு நாம்தான் காவல்.