பின்மண்டைக் கட்டியும் கோபால்ட் கருவியும்

குழந்தைக்கு மூளையில் கட்டி வந்தால் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

1949க்கு முன் நம் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஆண்டுதான் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார்.

ஆனால் கத்தி மட்டும் போதவில்லை. பிள்ளைகளுக்கு வரும் கொடிய கட்டிகளில் முக்கியமானது, சிறுமூளையில் வளரும் மெடுலோபிளாஸ்டோமா. 1925ல் அமெரிக்காவில் பெய்லியும் குஷிங்கும் வைத்த பெயர். வெட்டி எடுத்தாலும் திரும்ப வரும். மூளையைச் சுற்றியுள்ள நீரில் மிதந்து முதுகுத்தண்டு வரை இறங்கிவிடும். நம் ஏரியில் ஆகாயத்தாமரையைப் பிடுங்கிவிட்டு வாய்க்காலை அப்படியே விட்டால் என்ன ஆகும்? அதே கதைதான். 1953ல் மான்செஸ்டரில் பேட்டர்சனும் ஃபாரும் தலையோடு முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுத்த முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் மூன்று ஆண்டுகளைத் தாண்டினார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1957ல் கனடாவிலிருந்து கோபால்ட் கருவி வந்தது. 1960ல் குழந்தைகளுக்கென்று தனி வார்டு. நம் காரப்பேட்டை அண்ணா நினைவு மருத்துவமனை 1969ல்தான் வந்தது.

உயிர் கொடுத்த கதிர்வீச்சு விலையும் கேட்டது. வளர்ச்சி குன்றும், நினைவாற்றல் மந்தமாகும். சிகிச்சை முடிந்து வந்த ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். கரும்பலகையைப் பார்த்து எழுத மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும். அவனை மக்கு என்றவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

பிறகு வந்த மருத்துவம் இந்த விலையைக் குறைக்கப் பார்த்தது. மருந்துகளைச் சேர்த்துக் கதிரின் அளவைக் குறைத்தார்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முடிந்தவரை கதிரைத் தள்ளிப்போட்டார்கள். 2019ல் தரமணியில் புரோட்டான் சிகிச்சையும் வந்தது. பரவாத கட்டி என்றால், நல்ல மையங்களில் இன்று பத்தில் ஏழு பிள்ளைகளாவது ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். காலையில் தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம் என்று குழந்தைக்கு இருந்தால், மந்திரித்துக்கொண்டு வாரங்களைக் கடத்தாதீர்கள்.

மூளைத்தண்டில் பரவி வளரும் கட்டி மட்டும் இன்னும் மசியவில்லை. நிலவில் கால் வைத்த ஆம்ஸ்ட்ராங்கின் மகள் காரென், 1962ல் இரண்டு வயதில் அதனால்தான் இறந்தாள். அவளுக்கும் கோபால்ட் கதிர் கொடுத்தார்கள். இன்றும் அந்தக் கட்டிக்குக் கதிர்வீச்சு சில மாதங்களைத்தான் வாங்கித் தருகிறது.