கூதேன் காலாட்படை டிவிஷன்: அமைப்பும் வரலாறும் (1806–1812)

முன்னுரை

நெப்போலியன் காலப் பிரெஞ்சு வெற்றிகளைப் பேரரசரின் தனித்திறனாகவே விளக்கும் போக்கு பரவலாக உள்ளது. அவர் களத்தில் இல்லாத ஆவர்ஷ்டெட் போரைக் கொண்டு அப்போக்கை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது.

படையமைப்பு

மார்ஷல் தாவூ தலைமையிலான மூன்றாம் கோரின் மூன்றாம் டிவிஷனுக்கு ஜெனரல் கூதேன் தலைமை தாங்கினார். 12, 21ஆம் ரெஜிமெண்டுகள் ஒரு பிரிகேடாகவும், 25, 85ஆம் ரெஜிமெண்டுகள் மற்றொன்றாகவும் அமைந்தன. பீரங்கிகளும் உடனிருந்தமையால், துணைப்படை வரும்வரை தனித்துப் போரிடும் ஆற்றல் டிவிஷனுக்கு வாய்த்தது.

ஆவர்ஷ்டெட்

1806 அக்டோபர் 14 அன்று காலை, மூடுபனியில் பிரஷ்யரை முதலில் எதிர்கொண்டது இந்த டிவிஷனே. ஹாசன்ஹவுசன் சிற்றூரைச் சார்ந்து சதுர அணிவகுத்து, பிளூஷரின் குதிரைப்படையை அது முறியடித்தது. ஃப்ரியான், மொராண் டிவிஷன்கள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 27,000 பேர் கொண்ட கோர், தன்னினும் இருமடங்கு பெரிய படையை வென்றது. அப்போது நெப்போலியன் யேனாவில் இருந்தார். கூதேனின் வீரருள் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் மாண்டனர் அல்லது காயமுற்றனர்.

பிற்காலம்

1812இல் 25, 85ஆம் ரெஜிமெண்டுகள் வேறு டிவிஷன்களுக்கு மாற்றப்பட்டிருந்தன. 1811இல் ஹாம்பர்க் பகுதியில் திரட்டப்பட்ட 127ஆம் ரெஜிமெண்ட் இதில் இடம்பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் 19இல் வாலுதினோவில் படுகாயமுற்ற கூதேன் மூன்றாம் நாள் இறந்தார். 2019இல் ஸ்மோலென்ஸ்கில் கண்டெடுக்கப்பட்ட அவரது எலும்புகள் மரபணுச் சோதனையால் உறுதிசெய்யப்பட்டு, 2021இல் பாரிசில் அடக்கம் செய்யப்பட்டன.

முடிவுரை

ஒரே தலைமையின்கீழ் நெடுநாள் பழகிய ரெஜிமெண்டுகளின் கட்டுக்கோப்பே ஆவர்ஷ்டெட் வெற்றிக்கு அடிப்படை. அதன் விலையைச் செலுத்தியோர் பெயரறியா வீரர்களே. தளபதியின் எலும்புகளுக்குக் கிட்டிய அடையாளம் அவர்களுள் பெரும்பாலோர்க்குக் கிட்டவில்லை.