புனேயின் கம்பும் சட்டத்தின் அளவுகோலும்

புனேயின் தற்காப்பு வரலாறு தாலீம்களில் தொடங்குகிறது. செம்மண் களத்தில் மல்யுத்தத்தோடு கம்பு வீச்சும் தண்டபட்டா வாள்வீச்சும் கற்றுத்தந்த பயிற்சிக்கூடங்கள் அவை. லஹுஜி சால்வேயின் தாலீம் அவற்றுள் புகழ்பெற்றது. சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே அவரிடம் பயின்றவர். பின்னர் ஆங்கிலேய அரசின் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி, வாள், குத்துவாள், ஈட்டி, வில் அம்பு ஆகியவற்றை உரிமத்துக்குள் அடைத்து, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அப்பட்டமான அநீதி அது. ஆனால் மூங்கில் கம்பு அந்தப் பட்டியலில் இல்லை. சாமானியருக்கு எஞ்சியது கம்பும் பழகிய உடலும்தான்.

இத்தகைய பயிற்சி வன்முறையையே வளர்க்கும் என்று ஆட்சேபிக்கலாம். லஹுஜியிடம் பயின்ற வாசுதேவ் பல்வந்த் பட்கே 1879இல் ஆயுதக் கிளர்ச்சி நடத்தினார் என்பது உண்மை. ஆனால் அது அரசுக்கு எதிரான போர். தற்காப்பின் கணக்கு வேறு. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் அதை எவருக்கும் உரிமையாக்கி, தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, காவல்துறையை நாட அவகாசமிருந்தால் உரிமை கிடையாது என்று எல்லையும் வகுத்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதே நெறியைத் தொடர்கின்றன. வெளிநாட்டுப் பயணிக்கும் இதுவே சட்டம். உயிர்கொல்லாக் கருவி என்பதால் மிளகு ஸ்பிரேயைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பதும் தவறு: அது ஆபத்தான ஆயுதமாகலாம் என 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கருதியது. எதை ஏந்தினாலும், ஆபத்து நீங்கியதும் கையை நிறுத்தி 112ஐ அழைப்பவரே சட்டத்தின் காப்பில் நிற்கிறார்.