பெரட்டு மணியும் வானொலி மணியும்

மலையகத்தில் நேரத்தின் வரலாறு கடிகாரத்தோடு தொடங்கவில்லை, தப்போடு தொடங்குகின்றது. விடியுமுன் லயங்களின் முன்னே எழுந்த தப்பொலியே தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு அழைத்தது. சி. வி. வேலுப்பிள்ளையின் 'தேயிலைத் தோட்டத்திலே'யை வாசித்தோர் இவ்வொலியை அறிவர். ஆயின் தப்படித்தவர் தம் விருப்பப்படி அடித்தவரல்லர். துரையின் பங்களாக் கடிகாரமே அவர் கையை இயக்கியது. அக்கடிகாரம் சரியா பிழையா என்று ஒப்புநோக்க லயத்தில் வேறொரு கடிகாரம் இருப்பது அரிது. பிந்தி வந்தவர் திருப்பி அனுப்பப்பட்டார், அல்லது அரைப்பேரோடு அமைந்தார். பிழை எவருடைய கடிகாரத்தில் நேர்ந்தாலும் அதற்கு விலை கொடுத்தவர் ஒருவரே. இக்கோணத்திலிருந்தே நாம் இவ்விடயத்தை நோக்க முற்படுகின்றோம்.

புகையிரதம் 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. பாதை முழுவதும் ஒரே நேரத்தில் ஓடவேண்டிய வண்டிக்கு ஊருக்கொரு சூரியன் உதவாது. ஹற்றனின் சூரியன் கொழும்பின் சூரியனைவிட ஏறத்தாழ 3 நிமிடம் முந்தியது. அந்த 3 நிமிடம் அன்றே செல்லாக்காசாயிற்று. கிறீனிச்சுக்கு 5 மணி 19 நிமிடம் முந்தியிருந்த இலங்கை நேரம் 1906இல் 5 மணி 30 நிமிடமாக நிலைநாட்டப்பட்டது. போர்க்காலத்தில், 1942இல், அது முதலில் 6 மணியாகவும் பின்னர் அதே ஆண்டிலேயே 6 மணி 30 நிமிடமாகவும் உயர்த்தப்பட்டு, 1945இல் பழைய நிலைக்கு மீண்டது. கணக்கிட்டுப் பார்ப்போம். அந்நாட்களில் கடிகாரம் காலை 6 மணி காட்டியபோது ஹற்றனின் சூரியக் கணக்கு, சராசரியில், 4 மணி 52 நிமிடமே. பெரட்டு மணியை மாற்றிக்கொள்ளாத தோட்டமொன்றில் அந்த ஒரு மணிநேரத்துக்கு மேற்பட்ட இருள் எவர் தலையில் விழுந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பின்னர் வேலைநாள் மணிக்கணக்கிற் பேசப்படலாயிற்று என்பது உண்மையே. மணியை அளந்த கருவி மட்டும் பங்களாவிலேயே இருந்தது.

இந்நிலையை அசைத்த கருவிகளுள் வானொலிக்கு முதலிடம் அளிக்கவேண்டும் என்பது எமது கருத்து. கொழும்பில் ஒலிபரப்பு 1925இல் தொடங்கிற்று. எனினும் மின்சாரமில்லாத லயக் காம்பிராவுக்கு அது எட்டியது, 1947இல் கண்டறியப்பட்ட டிரான்சிஸ்டர், பற்றரியில் இயங்கும் சிறு பெட்டியாக மலைக்கு ஏறிய பின்னரே. செய்திக்கு முன் ஒலித்த நேர அறிவிப்பு துரைக்கும் தொழிலாளிக்கும் ஒன்றே. 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களுக்கும் அரசின் நேரம் மட்டும் தடையின்றிக் கிடைத்தது விந்தையே!

ஆனால் பிறர் கடிகாரத்தைத் திருத்தவந்த வானொலி, தன்னுள்ளும் ஒரு துடிப்பை நம்பியே இயங்குகின்றது. 1918இல் ஆம்ஸ்ட்ரோங் வகுத்த முறையில், வரும் அலையோடு வாங்கியின் சொந்த அலையியற்றியின் அலை கலக்கப்பட்டு, இரண்டும் சேர்ந்து தாழ்ந்த மீடிறனொன்றைத் தருகின்றன. அந்த அலையியற்றி சற்றே விலகினும் நிலையம் நழுவும். குமிழைத் திருப்பித் திருப்பிப் பிடித்த அனுபவம் பழைய நேயர்களுக்கு உண்டு. 1937இல் அலெக் றீவ்ஸ் ஒலியை எண்களாக மாற்றும் வழியைச் சிந்தித்தார். அவ்வழியில் வந்த இன்றைய வாங்கி, அலையைச் சீரான இடைவெளிகளில் அளந்து எண்ணாக்குகின்றது. எப்போது அளப்பது என்பதைச் சொல்வது உள்ளிருக்கும் கடிகாரம். அது முந்தியோ பிந்தியோ துடித்தால், அளவி பழுதற்றதாயினும் எண் பிழைக்கும்.

இதனைத் தேயிலைத் தொழிற்சாலை எளிதில் விளக்கும். கொழுந்து வாட்டப்படுவது பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல். அங்கே பத்து நிமிடம் பிசகினாற் பெரும் கேடில்லை. அரைத்த இலை நொதிப்பதோ இரண்டு மூன்று மணிநேரமே; அங்கே அதே பத்து நிமிடம் தேநீரின் நிறத்தையும் சுவையையும் மாற்றிவிடும். விரைந்து மாறும் பொருளில் சிறு நேரப் பிழையும் பெரும் அளவுப் பிழையாகும். அலையிலும் இதுவே விதி. செக்கனுக்கு 10 கோடி முறை அதிரும் பண்பலையை நேரடியாக அளக்கும்போது, கடிகாரம் ஒரு செக்கனின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு நடுங்கினால், குறிகையின் 160இல் ஒரு பங்கு இரைச்சலாகின்றது. அவ்வலையை முதலில் 1 கோடியே 7 இலட்சம் அதிர்வுக்குத் தாழ்த்திப் பின் அளந்தால், அதே நடுக்கம் ஏறத்தாழ 1,500இல் ஒரு பங்கையே கெடுக்கும். தாழ்த்துவதற்குக் கலக்கப்படும் அலையும் தூயதாயிருத்தல் வேண்டும்; இல்லையேல் ஒரு வாசலில் தடுத்த பிழை மறுவாசலால் நுழையும். இவற்றோடு குவாட்ஸ் பளிங்கின் துடிப்பைப் பயன்படுத்துதல், கடிகாரக் கம்பியைக் குறுக்குதல், அதற்கு அமைதியான தனி மின்வழங்கலை ஒதுக்குதல் என்பனவும் கைக்கொள்ளப்படுகின்றன. பொறியியலாளர் இங்கே அலையைக் குறைகூறுவதில்லை; முதலிற் கடிகாரத்தையே சோதிக்கின்றார்.

1996இல் மின்சிக்கனம் கருதி நாட்டின் நேரம் மீண்டும் முன்தள்ளப்பட்டபோது, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே பேணின. 2006 வரை ஒரு தீவில் இரு மணி. கைத்தொலைபேசியோ கோபுரத்தின் குறிகையைக் கேட்டுத் தன் துடிப்பைத் தானே திருத்திக்கொள்கின்றது. கொழுந்தெடுக்கும் பெண்ணின் கையிலுள்ள அக்கருவி, பழைய பங்களாக் கடிகாரம் எதனினும் துல்லியமானது. பெரட்டு மணி பற்றிய வழக்கை இன்று அவர் எளிதில் வெல்லலாம். ஆனால் அவரது முழுப்பேர் இப்போது பெரிதும் கிலோவிலேயே தங்கியுள்ளது. சாக்குக்கும் ஈரத்துக்குமெனக் கிலோக்கள் கழிக்கப்படுவதே மலைகளில் எழும் முறைப்பாடு. தராசின் முள்ளைப் படிப்பவர் இன்னும் நிருவாகத்தின் ஆளே.