பெரிலியம்: நுரையீரலில் தங்கிய தூசி

மரகதத்திலும் பெரில் என்னும் கனிமத்திலும் பெரிலியம் அடங்கியிருப்பதை 1798-ல் பிரெஞ்சு வேதியியலாளர் வாக்கெலின் கண்டறிந்தார். 1828-ல் வோலரும் புஸ்ஸியும் தனித்தனியே அதை உலோகமாகப் பிரித்தெடுத்தனர். அலுமினியத்தைவிட எடை குறைந்த உலோகம் இது. ஆனால் எஃகைவிட விறைப்பானது. செம்போடு சிறிதளவு சேர்த்தால் எளிதில் தளராத வில்சுருளும், தட்டினால் தீப்பொறி பறக்காத கருவியும் செய்யலாம். இருந்தும், ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது ஆய்வுக்கூடத்தைப் பெரிதாகத் தாண்டவில்லை. 20-ஆம் நூற்றாண்டில்தான் ஆலைகளுக்கு வந்தது. ஆலைத் தூசியோடு நோயும் வந்தது.

1930-களிலேயே ஜெர்மனியிலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் பெரிலிய ஆலைத் தொழிலாளரின் நுரையீரல் பாதிப்பு பற்றிய செய்திகள் வெளியாயின. அமெரிக்காவில் அவை எடுபடவில்லை. 1943-ல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையின் அறிக்கை, பெரிலியம் நச்சல்ல, அதன் உப்புகளில் உள்ள அமிலப் பகுதியே தீங்கு செய்கிறது என்று முடிவு கட்டியது. அதே ஆண்டில் ஓஹாயோ மாநில மருத்துவர் வான் ஆர்ட்ஸ்ட்ராண்ட், பெரிலியம் பிரித்தெடுக்கும் ஆலைத் தொழிலாளர்களிடம் கடுமையான நுரையீரல் அழற்சியைக் கண்டு எழுதினார். போர்க்காலம் அது. உலோகம் தேவைப்பட்ட வேகத்தில், முதலில் சொன்னதே பலருக்கு வசதியாக இருந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலம் சேலம் நகரின் டியூப் லைட் தொழிற்சாலையில்தான் நோயின் இன்னொரு முகம் தெரிந்தது. குழாயின் உட்புறம் பூசும் ஒளிரும் பொடியில் அக்காலத்தில் பெரிலியம் கலந்திருந்தது. அங்கே வேலை செய்த இளம்பெண்கள் பலருக்கு மூச்சிரைப்பும் வறட்டு இருமலும் வந்தன, உடல் இளைத்தது. சிலருக்கு வேலையை விட்டு மாதங்கள், ஆண்டுகள் கழித்தே நோய் தலைகாட்டியது. காசநோய் என்றும், காரணம் தெரியாத சார்காய்டோசிஸ் என்றும் மருத்துவர்கள் கருதினர். ஹேரியட் ஹார்டி என்ற பெண் மருத்துவர், நோயாளிகள் என்ன வேலை செய்தார்கள் என்பதைத் துருவிக் கேட்டார். 1946-ல் டேபர்ஷா என்பவருடன் சேர்ந்து 17 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். நாட்பட்ட பெரிலிய நோய் மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது அந்தக் கட்டுரையால்தான். 1949-ல் விளக்குப் பொடியில் பெரிலியம் கைவிடப்பட்டது. 1952-ல் ஹார்டி நோயாளிகளுக்கென ஒரு பதிவேட்டைத் தொடங்கினார்.

ஆலைச் சுவரோடு நோய் நிற்கவில்லை. ஓஹாயோவின் லோரெய்ன் நகரில் ஆலைக்குள் கால் வைக்காத 11 பேருக்கு அது கண்டது. அவர்களில் 10 பேர் ஆலையிலிருந்து முக்கால் மைலுக்குள் குடியிருந்தவர்கள். மற்றவர் தொழிலாளியின் உடையில் வீட்டுக்கு வந்த தூசியால் பாதிக்கப்பட்டவர்.

அணு ஆயுதத் தயாரிப்புக்குப் பெரிலியம் வேண்டியிருந்ததால், அமெரிக்க அணுசக்தி ஆணையம் காற்றில் அதன் அளவுக்கு ஒரு வரம்பு விதிக்க முற்பட்டது. ஐசன்பட், மேக்கில் என்ற இருவர் கூட்டத்துக்கு டாக்சியில் போகும் வழியில் அந்த எண்ணை முடிவு செய்தனர். கன உலோகங்களுக்கு இருந்த வரம்பை எடுத்து, பெரிலியத்தின் சிறிய அணு எடைக்கு ஏற்பக் குறைத்து, பாதுகாப்புக்காக மேலும் சற்றுக் குறைத்தனர்: ஒரு கன மீட்டர் காற்றுக்கு 2 மைக்ரோகிராம். 1949-ல் நடைமுறைக்கு வந்த இது ‘டாக்சி வரம்பு’ என்றே பேர்பெற்றது. அவசரத்துக்கு வகுத்தது என்ற அளவில் அதைக் குறை சொல்ல முடியாது. கடுமையான அழற்சி பெருமளவு மறைந்தது உண்மை. ஆனால் தற்காலிக மதிப்பீட்டை நிரந்தர உண்மையாக்கியது பெரும் பிழை. 1971-ல் அது தேசியத் தொழிலகச் சட்டத்திலும் ஏறியது. 1975-ல் அதைக் குறைக்க வந்த முன்மொழிவு, தொழில்துறையும் எரிசக்தி, பாதுகாப்புத் துறைகளும் எதிர்த்ததால் முடங்கியது.

நிலக்கரி, சிலிக்கா தூசிகள் சேரச் சேர நுரையீரலைச் சிதைப்பவை. பெரிலியம் வேறு வழியில் செல்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் அதைப் பகையாக அடையாளம் கண்டுகொண்டால், வெள்ளணுக்கள் திரண்டு நுரையீரலில் சிறு சிறு முடிச்சுகளை உண்டாக்குகின்றன. காலப்போக்கில் நுரையீரல் திசு இறுகி மூச்சு குறைகிறது. ஆகவேதான் ஒரே மேசையில் வேலை செய்த இருவரில் ஒருவர் நோயுற, மற்றவர் நலமாக இருந்தார். ஒரு குறிப்பிட்ட மரபணு வடிவம் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பது 1993-ல் தெரிந்தது. அணு இயற்பியலாளர் ஃபெர்மியின் குழுவில் பணியாற்றிய இயற்பியலாளர் ஹெர்பர்ட் ஆண்டர்சனும் இந்நோயால் பல்லாண்டு அவதிப்பட்டு 1988-ல் இறந்தார். ஸ்டீராய்டு மருந்து வேகத்தைத் தணிக்கும், குணமாக்காது.

1980-களில் உருவான இரத்தப் பரிசோதனை, மூச்சிரைப்பு தொடங்குமுன்பே உடலின் எதிர்வினையைக் காட்டிவிட்டது. 2 மைக்ரோகிராம் வரம்புக்குள் வேலை செய்தவர்களும் நோயுற்றிருந்தது அப்போது மறுக்க முடியாததாயிற்று. 2000-ல் அணு ஆயுத ஆலைத் தொழிலாளர்க்கு இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 2017 ஜனவரியில்தான் தொழிலக வரம்பு 0.2 மைக்ரோகிராமாக, பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது.

பெரிலியம் கலந்த செம்பைக் கடைபவரும், பல் கட்டும் உலோகக் கலவையைத் தேய்ப்பவரும் இன்றும் இந்தத் தூசிக்கு அருகில் இருக்கிறார்கள். மூச்சிரைப்போடு வரும் நோயாளியிடம், முன்பு பார்த்த வேலைகளையும் சேர்த்து, என்ன தொழில் செய்தார் என்பதை மருத்துவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.