துடைப்பத்தின் தனிமொழி

மகன் எடுத்த புகைப்படம் ஒன்றுக்குத் தாய் பெயர் வைத்தாள்: ‘துடைப்பத்தின் தனிமொழி’. வருடம் 1841. மகன் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்; தாய் எலிசபெத் ஃபீல்டிங் சீமாட்டி. இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் லேகாக் என்றொரு கிராமம். அங்கே ஒரு காலத்தில் கன்னியர் மடமாக இருந்து பிறகு மாளிகையான கட்டடம்தான் அவர்கள் வீடு. படத்தில் ஆள் அரவம் இல்லை. திறந்திருக்கும் ஒரு கதவு, வாசலோரம் சாத்திய ஒரு துடைப்பம், அவ்வளவுதான். விருந்தாளி வருகிறார் என்றால் துடைப்பத்தைக் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் தள்ளுவது நம் வீட்டு வழக்கம். டால்பட் அதை வாசலில் நிறுத்தி, கேமராவைக் கொண்டுவந்து எதிரே வைத்தார்.

துருப்பிடித்த பூட்டு, உதிர்ந்த பொத்தான், தெருவில் கிடந்த ஒற்றைச் செருப்பு, டீ குடித்துவிட்டு வைத்த கண்ணாடி டம்ளர் என்று எதையாவது ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்துப் படமெடுப்பவர்கள் இன்று ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தின் வம்சாவளியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், என் கணக்கில், இந்தத் துடைப்பத்தில்தான் போய் நிற்க வேண்டும். இதற்கு முன்பும் பொருள்களைப் படமெடுத்தார்கள். ஆனால் காரணம் வேறு.

காரணம் அழகு இல்லை. பொருள் அசையாது என்பதுதான். 1838இல் பாரிஸில் புகைப்பட முன்னோடி டகேர் தன் ஜன்னலிலிருந்து ஒரு பெரிய வீதியைப் படமெடுத்தார். தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் பிடித்த காலம் அது. அதனால் வண்டிகளும் குதிரைகளும் நடந்துபோன கூட்டமும் படத்தில் மறைந்துபோயின. பூட்ஸுக்குப் பாலிஷ் போடக் காலை நீட்டி நின்ற ஒருவர் மட்டும் தப்பித் தெளிவாகப் பதிந்தார். அப்படிப்பட்ட கேமராவுக்கு முன்னால் பொறுமையாக உட்காரக்கூடியவை பொருள்கள்தாம். டகேர் 1837இல் சுதைச் சிற்பங்களை அடுக்கிவைத்து எடுத்தார். 1839இல் சங்குகளையும் புதைபடிவங்களையும் எடுத்தார். ஆனாலும் அவை கலைக்கூடத்துச் சாமான்கள், சேகரிப்பாளரின் அலமாரிச் சாமான்கள். யாரோ ஏற்கெனவே மதித்துவைத்த பொருள்கள்.

டால்பட் வந்த வழி வேறு. அவருக்குப் படம் வரையக் கை வராது. 1833 அக்டோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில், காட்சி காகிதத்தில் விழுவதுபோல் காட்டும் கண்ணாடிக் கருவியை வைத்துக்கொண்டு வரைந்து பார்த்தார். பென்சில் ஒத்துழைக்கவில்லை. விழுகிற பிம்பம் தானாகவே காகிதத்தில் ஒட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. ஊர் திரும்பியபின் உப்பு நீரில் தோய்த்த காகிதத்தின்மீது சில்வர் நைட்ரேட் பூசி, மேலே இலையையும் லேஸ் துணியையும் வைத்து வெயிலில் காட்டினார். வெயில் பட்ட இடம் கறுத்தது. இலை மறைத்த இடம் வெள்ளையாக நின்றது. கேமரா இல்லாமலே எடுத்த அந்தப் படங்களிலும் கைக்கெட்டிய பொருள்தான் விஷயம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து மரத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள் செய்து லென்ஸ் பொருத்தி வீட்டைச் சுற்றி அங்கங்கே வைத்தார். அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் ஒரு கடிதத்தில் அவற்றை எலிப்பொறிகள் என்றாள். 1835 ஆகஸ்டில் அப்படி ஒரு பொறியில் வீட்டு ஜன்னல் அகப்பட்டது. உலகில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவ் அதுதான். தபால்தலை அளவுதான் இருக்கும். ஆனாலும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடிச் சில்லுகளை எண்ணலாம் என்று அவர் அதன் பக்கத்திலேயே எழுதிவைத்தார். 1840 செப்டம்பரில் பெரிய திறப்பு கிடைத்தது. ஒளி கொஞ்சமே பட்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் காகிதத்தில் பிம்பம் பதிந்திருக்கிறது, காலிக் அமிலம் கலந்த கரைசல் அதை வெளியே இழுத்துக்கொண்டு வருகிறது என்று கண்டார். காத்திருக்கும் நேரம் மளமளவென்று குறைந்தது. துடைப்பம் படத்துக்கு வந்தது இதற்கு அடுத்த வருடம்.

அதோடு அவர் அதை விடவில்லை. 1844 ஏப்ரலில் மறுபடியும் அதே விஷயத்தை எடுத்தார். இந்த முறை துடைப்பம் குறுக்கே சாய்ந்து நிற்கிறது. வெயில் சாய்வாக விழுந்து, கதவின் நிழலும் துடைப்பக் காம்பும் ஏறத்தாழ ஒரே சாய்வில் போகின்றன. வாசலின் ஒரு பக்கம் குதிரைக் கடிவாளம், இன்னொரு பக்கம் லாந்தர். உள்ளே இருட்டு, இருட்டுக்குள் தூரத்தில் ஒரு ஜன்னலின் மங்கல் வெளிச்சம். இது போகிற போக்கில் கண்ணில் பட்ட காட்சி இல்லை. துடைப்பத்தை ஒரு விரற்கடை நகர்த்தி, தள்ளிப்போய்ப் பார்த்து, வெயில் திரும்பக் காத்திருந்து எடுத்தது. போட்டது போட்டபடி கிடக்கிற மாதிரித் தோன்றவைக்க எத்தனை மெனக்கெட வேண்டும் என்று இந்த வேலையில் கொஞ்சம் கைபட்டவர்களுக்குத் தெரியும்.

இந்தப் படத்தை அவர் ‘இயற்கையின் பென்சில்’ என்ற நூலில் சேர்த்தார். 1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக வந்த அந்த நூலில் 24 படங்கள். அச்சில் புகைப்படம் போடும் வழி இன்னும் வராததால், ரெடிங் நகரில் டால்பட்டின் முன்னாள் பணியாள் நிக்கோலாஸ் ஹென்னமன் நடத்திய கூடத்தில் ஒவ்வொரு பிரின்டையும் தனித்தனியே போட்டு, பக்கத்தில் கையால் ஒட்டினார்கள். மூன்றாம் படம் பீங்கான் சாமான்கள், நாலாவது கண்ணாடிச் சாமான்கள். அவற்றுக்கு டால்பட் சொன்ன பயன் வீட்டுக்காரர் புத்தி: சொத்துப் பட்டியல் எழுதும் நேரத்தில் அலமாரியையே படமெடுத்துவிடலாம், பின்னால் திருடு போனால் படம் நீதிமன்றத்தில் ஊமைச் சாட்சி சொல்லும். எட்டாம் படம் நூலகத்தில் ஒரு காட்சி. அது நூலகமே இல்லை. உள்ளே வெளிச்சம் போதாததால் அலமாரியையும் புத்தகங்களையும் வெட்டவெளிக்குக் கொண்டுவந்து எடுத்தது. மொட்டைமாடியில் மேசை போட்டு ‘சமையலறை’ படம் எடுப்பவர்களுக்கு இவர்தான் பாட்டனார்.

பீங்கானுக்கு விலை உண்டு, புத்தகத்துக்கு மதிப்பு உண்டு. ஆறாம் படமாக வந்த துடைப்பத்தைத் திருட யார் வருவார்? அங்கே டால்பட்டின் எழுத்து கொஞ்சம் கூச்சப்படுகிறது. அன்றாட வீட்டுக் காட்சிகளை வரைய டச்சு ஓவியர்களின் முன்னுதாரணம் போதுமே என்று சான்றுக்குப் போகிறார். சாதாரணமானவர்கள் ஒன்றுமில்லை என்று கடந்துபோகிற இடத்தில் ஓவியனின் கண் நின்றுவிடும் என்கிறார். அந்தக் கூச்சம் எனக்குப் பிடித்திருக்கிறது. பயனில்லாத ஒன்றைப் பார்த்ததற்கு முதல்முறையாகக் காரணம் சொல்ல வேண்டியவருக்கு அது இருக்கத்தானே செய்யும்.

பிறகு கேமரா வேகம் பிடித்தது, மனித முகங்கள் அதை எடுத்துக்கொண்டன. பொருள்கள் பட்டியலுக்கும் அருங்காட்சியகத்துக்கும் போயின. டால்பட்டின் காகித நெகட்டிவ் முறையில் மதுரை, தஞ்சைக் கோயில்களை எடுத்த லின்னேயஸ் ட்ரைப், 1858இல் சென்னை அருங்காட்சியகத்திலிருந்த அமராவதிச் சிற்பங்களையும் வரிசையாக எடுத்தார். அருமையான வேலை, ஆனால் வம்சத்தில் அது பீங்கான் அலமாரிக் கிளை.

துடைப்பக் கிளை மறுபடி துளிர்க்க 20ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. 1916இல் பால் ஸ்ட்ராண்ட், அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் கிண்ணங்களை மிக அருகில் போய் எடுத்தார். 1928இல் பாரிஸில் ஆந்த்ரே கெர்டேஸ், தட்டின் விளிம்பில் சாய்ந்த ஒரு முள்கரண்டியையும் அதன் நிழலையும் எடுத்தார்.

1930 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் கார்மெலில் எட்வர்ட் வெஸ்டனுக்கு ஒரு குடைமிளகாய் வாய்த்தது. நாள்கணக்கில் மிளகாய்களோடு மல்லுக்கட்டியவர். பின்னணிக்கு என்னென்னவோ வைத்துப் பார்த்தும் திருப்தி இல்லை. கடைசியில் ஒரு தகரப் புனலைப் படுக்கவைத்து அதன் வாய்க்குள் மிளகாயை வைத்தார். புனலின் வளைவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியது. முதுகும் தோளுமாக முறுக்கிக்கொண்டு அது எழுந்து நின்றது. இண்டு இடுக்கெல்லாம் கூர்மையாகத் தெரிய லென்ஸின் துளையை ஊசிமுனையாகச் சுருக்கினார். அதனால் ஒளி பதிய நிமிடக்கணக்கில் ஆனது. நொடியில் படம் எடுக்கும் காலத்திலும், மிளகாய் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. ‘மிளகாய் எண் 30’ என்று இன்று உலகம் அறியும் படம் அது. வாடத் தொடங்கியதும் மிளகாய் சாலட்டுக்குப் போனது. மாடல்களையே சாப்பிடுகிற நரமாமிசக்காரன் என்று யாரோ தன்னைக் கேலி செய்ததை வெஸ்டன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

துடைப்பமும் மிளகாயும் வீட்டுச் சாமான்கள். துடைப்பம் கூட்டித் தள்ளுகிற பொருளுக்கு வந்தவர் இர்விங் பென். வோக் பத்திரிகைக்கு ஒய்யார உடைகளைப் படமெடுத்த அவர், 1972இல் நியூயார்க் தெருவிலிருந்து பொறுக்கி வந்த சிகரெட் துண்டுகளை ஸ்டுடியோவில் வெள்ளைப் பின்னணியில் நிறுத்தினார். மிதித்து நசுங்கியவை, ஓரம் கருகியவை, மழையில் ஊறியவை. ஒவ்வொன்றையும் பல மடங்கு பெரிதாக்கி, பிளாட்டினம் கலந்த பூச்சில் பொறுமையாக பிரின்ட் போட்டார். 1975இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. டச்சு ஓவியர்களைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.